சின்னத்திரைக் குடும்பமும் புதுச்சேரித் தெருவும்

தொலைக்காட்சியை யார் யார் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதை வாரந்தோறும் அளந்து சொல்லும் பார்க் இந்தியா என்ற ஸ்தாபனம், தன் கணக்கின் வசதிக்காக நாட்டைப் பல சந்தைகளாக வகுத்துக்கொண்டிருக்கிறது. அவற்றுள் ஒன்று ‘தமிழ்நாடு–புதுச்சேரி’. 2015ஆம் ஆண்டில் தொடங்கி இன்றளவும் நடந்துவரும் அந்தக் கணக்கில், சென்னைவாசியும் மதுரைவாசியும் எந்த மதிப்போடு சேர்த்துக்கொள்ளப்படுகிறார்களோ அதே மதிப்போடு புதுச்சேரி முத்தியால்பேட்டைக் குடும்பத்தலைவியும் காரைக்கால் மளிகைக் கடைக்காரரும் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள். அவர்களுடைய மாலைப் பொழுதுகள் டி.ஆர்.பி. என்ற எண்ணாகி, அந்த எண் விளம்பரக் கட்டணமாகி, அந்தக் கட்டணத்திலிருந்தே அடுத்த தொடருக்கு வேண்டிய மூலதனமும் பிறக்கிறது. ஆனால் அவ்வாறு பிறந்த தொடர்களுக்குள் புகுந்து அவர்களைத் தேடுவோமானால், பார்க்கிறவர்களின் கணக்கில் முறையாக ஏறிய ஒரு ஜனசமூகம் பார்க்கப்படுகிறவர்களின் கணக்கில் அநேகமாக ஏறவே இல்லை என்பதைக் காண்கிறோம். இது எவ்வாறு நேர்ந்தது என்பதும், இதனால் நாம் இழந்துவருவது யாது என்பதுமே இங்கு நான் ஆராய விரும்பும் விஷயங்கள்.

முதலில் ஜனங்களைப் பற்றிய ஸ்தூலமான விவரம். 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் வாழ்ந்தவர்கள் 12,47,953 பேர். அவர்களுள் நூற்றுக்கு 6.29 பேர் கிறிஸ்தவர்கள், 6.05 பேர் முஸ்லிம்கள், 15.73 பேர் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டில் கிறிஸ்தவர் 6.12, முஸ்லிம்கள் 5.86, பட்டியல் சாதியினர் 20.01. ஆகவே ஒரு தமிழ்த் தொடரில் எட்டுப் பாத்திரங்கள் பேசினால் அவர்களுள் ஒருவர் முஸ்லிமாகவோ கிறிஸ்தவராகவோ இருப்பதும், ஐவரில் ஒருவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினராக இருப்பதும் நம் சமுதாயத்தின் இயல்பான அமைப்பே. அதில் யாரும் யாருக்கும் செய்யும் சலுகை ஏதும் இல்லை.

புதுச்சேரி நகரத்திலோ இந்த விகிதங்கள் வீதிகளாகவே வடிவெடுத்து நிற்கின்றன. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, முன்னாளில் வெள்ளையர் நகரமென்று வழங்கப்பட்ட பகுதியில், பிரெஞ்சுத் துணைத் தூதரகமும் அரவிந்தர் ஆசிரமமும், வங்காளத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆசிரமத்தை நாடிவந்து இரண்டு மூன்று தலைமுறைகளாக வேரூன்றிவிட்ட குடும்பங்களும் இருக்கின்றன. வாய்க்காலைக் கடந்து மேற்கே வந்தால் திண்ணையும் முற்றமும் கொண்ட செட்டிமார் வீடுகள் நிற்கும் வைசியாள் வீதி. மிஷன் வீதியில் ஊரார் சம்பா கோயில் என்று வழங்கும் பேராலயம். அதற்குத் தெற்கே முல்லா வீதியும் காஜியார் வீதியும். பிரெஞ்சு ரத்தமும் தமிழ் ரத்தமும் கலந்த கிரியோல் குடும்பங்கள், ஏனாமிலிருந்தும் மாஹேயிலிருந்தும் உத்தியோக நிமித்தம் வந்து தெலுங்கும் மலையாளமும் பேசுகிறவர்கள், பிரெஞ்சு ராணுவத்தில் சேவை செய்து ஓய்வூதியம் பெற்றுவரும் ‘சொல்தா’ வீட்டார் என்று, அரை மணி நேர நடையில் எத்தனையோ விதமான மனிதர்களைச் சந்திக்கக்கூடிய ஊர் இது.

இந்த வைவித்தியம் நேற்று முளைத்ததன்று என்பதற்குச் சாட்சியாக நம்மிடையே ஓர் அரிய நூல் இருக்கிறது. பிரெஞ்சு கவர்னர் டூப்ளெக்ஸின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761இல் தாம் காலமாகும் வரையில் தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பைத்தான் சொல்கிறேன். அரசியல் சரித்திரத்துக்கு ஆதாரமென்று அதனைப் புரட்டுவோர் பலர். ஜனங்களின் சித்திரமாக அதனைப் படித்தவர்கள், அதன் பக்கங்களில் எத்தனை விதமான மனிதர் வழக்காடுகிறார்கள், பொறாமைப்படுகிறார்கள், வட்டி கேட்கிறார்கள், சீர்வரிசை அனுப்புகிறார்கள் என்பதைக் கண்டு வியக்காமல் இருக்க முடியாது. அவருக்கு முன் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் என்னும் கத்தோலிக்கப் பிரபு, 1740இல் புதுச்சேரிக்கு அடைக்கலமாக வந்த சந்தா சாஹிபின் குடும்பத்தார், தெலுங்கு வியாபாரிகள், ஆர்மீனிய வர்த்தகர்கள், தம் கணவரினும் அதிகாரத்தில் நாட்டமுடைய மதாம் டூப்ளெக்ஸ் ஆகிய யாவரும் அங்கே குணமும் குற்றமும் உள்ள முழு மனிதர்களாக நடமாடுகிறார்கள்.

அந்நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டைச் சார்ந்த ஒரு சம்பவம் இக்கட்டுரைக்கு மிகவும் வேண்டற்பாலது. மாதா கோயிலின் உட்புறத்தில், தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் ஒரு பக்கமும் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும் மறுபக்கமும் இருந்து வழிபடுமாறு குறுக்கே ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. கிறிஸ்துவின் முன்னிலையிலும் இந்தப் பேதம் ஏன் என்று தாழ்த்தப்பட்டோர் பாதிரியாரிடம் முறையிட, அவர் அதிலுள்ள நியாயத்தை ஏற்றுச் சுவரை இடிக்கச் செய்தார்; சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள்; விவகாரம் கவர்னரின் செவி வரை எட்டியது. இவ்வளவையும் பதிவு செய்த பிள்ளை சமத்துவவாதி அல்லர். தம் காலத்துச் சாதி அபிமானம் நிரம்பப் பெற்றவர். அப்படிப்பட்டவருடைய எழுத்திலேயே தாழ்த்தப்பட்டவர் வாய் திறந்து கேள்வி கேட்கிறார், அந்தக் கேள்வியால் ஒரு சுவர் விழுகிறது, ஊர் முழுவதும் அசைகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். கதையை நகர்த்தும் சக்தி அங்கே சிறுபான்மையோரில் சிறுபான்மையோரான ஒரு கூட்டத்தாரிடம் இருக்கிறது. இன்றைய தொடர்களை நான் அளக்க விரும்பும் அளவுகோலும் இந்தச் சக்தியே.

சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது, சன் டி.வி. 1993 ஏப்ரல் 14ஆம் நாள் வந்தது. 1999இல் ராதிகாவின் ‘சித்தி’, 2002இல் திருமுருகனின் ‘மெட்டி ஒலி’, 2003இல் திருச்செல்வத்தின் ‘கோலங்கள்’ என்று அந்நிலையத்தின் மாலை நேரத் தொடர்கள் தமிழ்க் குடும்பங்களின் தினசரி வழக்கத்தில் ஒன்றாயின. இவற்றை எள்ளி ஒதுக்கும் படித்த மனிதர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பனாரின் கவலையை வருஷக்கணக்கில் பொறுமையாகச் சொல்லவும், கணவனால் வஞ்சிக்கப்பட்ட ஒரு பெண் தானே தொழில் நடத்தி நிமிர்வதை ஆயிரத்தைந்நூறு பகுதிகளுக்கு மேல் தொடர்ந்து காட்டவும் முன்வந்தவை இவையே. அந்நாளில் நடுத்தர வயதுப் பெண்ணைக் கதாநாயகியாக வைக்க எந்தச் சினிமா முதலாளி துணிந்தார்? பெண்ணின் அனுபவத்துக்கு நடுக்கூடத்தில் ஆசனம் போட்டுக்கொடுத்த கலைவடிவம் இது. அதனாலேயே, வேறு சில அனுபவங்களுக்கு அது வாசலைக்கூடத் திறக்கவில்லை என்பது மனத்தை உறுத்துகிறது.

தொடரின் வீட்டை நினைத்துப் பாருங்கள். வாசலில் கோலம், நடுவே விசாலமான கூடம், பக்கத்தில் பூஜை அறை, மாடிப்படி. கதையின் திருப்பங்கள் யாவும் சடங்கை அச்சாகக்கொண்டு சுழல்கின்றன: தாலி களவு போகிறது, குங்குமம் கொட்டுகிறது, மருமகள் பால்குடம் எடுக்கிறாள், தீமிதிக்கிறாள், மண்சோறு உண்கிறாள். இந்த வீட்டுக்குள் ஒரு கிறிஸ்தவர் வருவாரானால், அவர் உயிர்காக்கும் மருத்துவராகவோ, அநாதை இல்லத்துக் கன்னிகாஸ்திரீயாகவோ வருகிறார். முஸ்லிம் வருவாரானால், உயிர் கொடுக்கும் நண்பராகவோ, ஆபத்தில் ஆட்டோ ஓட்டிவரும் பாயாகவோ வருகிறார். இவர்கள் அனைவரும் உத்தமர்கள். வந்த காரியம் முடிந்ததும் தம் வீட்டுக்குப் போய்விடுவார்கள்; அந்த வீடு எப்படி இருக்கும், அங்கே மாமியார் யார், நாத்தனார் யார், பாகப்பிரிவினையில் யாருக்கு மனத்தாங்கல் என்பதெல்லாம் நமக்குக் காட்டப்படுவதில்லை. குற்றம் செய்வதற்கும் திருந்துவதற்கும் பாத்தியதை இல்லாத பாத்திரம் எவ்வளவு மேன்மையாகத் தீட்டப்பட்டாலும் விருந்தாளிதான். சிறுபான்மையோரை இழிவாகக் காட்டாததையே ஒரு சாதனையாகச் சொல்லிக்கொள்வோர் இந்த அம்சத்தைச் சிந்திக்க வேண்டும் என்பது என் பணிவான அபிப்பிராயம்.

சடங்கே கதையின் யந்திரமாக இருக்கும்போது அந்தச் சடங்கு இல்லாத வீட்டை எப்படி மையமாக்குவது என்று தயாரிப்பாளர் கேட்கலாம். இந்த ஆட்சேபம் நம் ஜனங்களை அறியாததால் எழுவது. தமிழ்க் கத்தோலிக்கப் பெண்ணின் கழுத்திலும் தாலி இருக்கிறது. அதில் சிலுவையோ புறாவோ பொறித்திருக்கும். தமிழ் முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில் கருகமணி கட்டுகிறார்கள். வில்லியனூர் லூர்து மாதா கோயிலின் திருவிழாவுக்கு நேர்த்திக்கடனோடு வருகிறவர்களுள் இந்துக்களும் இருக்கிறார்கள். காரைக்காலுக்கு அண்மையிலுள்ள நாகூர் தர்காவின் கந்தூரியைப் பற்றியும் அப்படியே. காதுகுத்தல், மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, தாய்மாமன் சீர் என்று தொடர்கள் கண்ணீர் வடிக்க வைக்கும் உறவுமுறைகள் அனைத்தும், சிற்சில வேற்றுமைகளோடு, மதங்களைத் தாண்டிய தமிழ் வழக்கங்களாகவே நிலவுகின்றன. ஆகவே யந்திரம் பொருந்தாது என்பது சரியன்று. அதனைப் பொருத்திப் பார்க்க யாரும் முற்படவில்லை என்பதே சரி.

சாதியைப் பற்றிய மௌனம் இதனினும் சிக்கலானது. தமிழ்ப் பெயர்களின் பின்னாலிருந்த சாதிப் பட்டங்கள் சுயமரியாதை இயக்கத்தின் பயனாக உதிர்ந்துபோனது நம் சமுதாயத்தின் பெருமைகளுள் ஒன்று. தொடர்களிலும் யாரும் தம் சாதியைச் சொல்வதில்லை. ஆயினும் காரைக்குடி வீடு, கொங்குப் பேச்சு, மதுரைப் பக்கத்து மீசை, அரிவாள், ‘நம்ம வம்சம்’, ‘நம்ம கௌரவம்’ என்ற சொற்கள் ஆகியவற்றால் ஆதிக்க சாதிகள் ஐயத்துக்கிடமின்றி அடையாளம் பெற்றுவிடுகின்றன. 2022இல் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ அத்தகைய ஒரு மதுரைக் குடும்பத்தின் ஆணாதிக்கத்தைக் கூர்மையாக விமரிசித்தது. அதன் திறமையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் பெயர் சொல்லாத இந்த ஏற்பாட்டில் பெயரில்லாமலே விளங்கிக்கொள்ளும் வசதி மேலே இருப்பவர்க்கே கிட்டுகிறது. தலித் குடும்பமோ, வேலைக்காரி, டிரைவர், சேரிப்பேச்சு என்ற குறிப்புகளால் மாத்திரம் உணர்த்தப்பட்டு, தன் சொந்த வீட்டின் சுகதுக்கங்களோடு திரைக்கு வருவதே அரிதாக இருக்கிறது. மராத்தியிலும் ஹிந்தியிலும் 2019இல் அம்பேத்கரின் வாழ்க்கை நெடுந்தொடர்களாக வந்தபோது அவருடைய தந்தையும் அத்தையும் மனைவி ரமாபாயும் குடும்பத் தொடருக்குரிய முழு நேயத்தோடு சித்திரிக்கப்பட்டதை இங்கே நினைவுகூர வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருநிறத்துப் பெண் படும் அவமதிப்பைப் பொருளாகக் கொண்டு விஜய் தொலைக்காட்சியில் 2019இல் தொடங்கிய ‘பாரதி கண்ணம்மா’, ‘கறுத்தமுத்து’ என்ற மலையாளத் தொடரின் மறு ஆக்கம். கண்ணம்மா என்ற பெயரைத் தமிழர் நெஞ்சில் நிலைநிறுத்திய பாடல்களைப் பாரதியார் இயற்றியது இந்தப் புதுச்சேரியில்தான் என்பதனால் அப்பெயரிடத்தில் எங்களுக்கு ஒரு தனி வாஞ்சை உண்டு. அவ்வேடத்துக்கு நடிகையின் மேனியில் கருமை பூசப்பட்டது. தமிழ்நாட்டில் இயல்பான கருநிறமுடைய பெண்களுக்கு ஏதேனும் பஞ்சமா? கருமையின் துன்பத்தைச் சொல்லும் கதைக்கே கருத்த பெண் தகுதி பெறவில்லையென்றால், அவள் வேறு எந்தக் கதைக்குத் தகுதி பெறுவாள்?

திருநங்கையர் விஷயத்தில் மெய்வாழ்க்கை நிகழ்ச்சிகள் கற்பனைத் தொடர்களை வெகுதூரம் முந்திவிட்டன. 2008இல் ‘இப்படிக்கு ரோஸ்’ என்ற உரையாடல் நிகழ்ச்சியை ஒரு திருநங்கையே நடத்தினார். 2014ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று கோயம்புத்தூர் நிலையம் ஒன்றில் பத்மினி பிரகாஷ் என்ற திருநங்கை செய்தி வாசிக்கத் தொடங்கினார். திருநங்கையர் திரண்டுகூடும் கூத்தாண்டவர் திருவிழா நடக்கும் பிள்ளையார்குப்பம் புதுச்சேரியில்தான் இருக்கிறது. ஆயினும் கதையென்று வரும்போது, 2020இல் வெளிவந்த ‘பாவக் கதைகள்’ தொகுப்பில் சுதா கொங்கரா உள்ளமுருகப் படைத்த சத்தார் என்ற திருநங்கைப் பாத்திரத்தைக்கூட ஓர் ஆண் நடிகரே ஏற்றார்.

இந்நிலைக்குக் காரணம் யாருடைய துவேஷமும் அன்று. தொழிலின் அமைப்பே பெரும்பாலும் காரணம். வாரத்தில் ஐந்தாறு நாள் ஒளிபரப்பாகும் தொடருக்கு இன்று எழுதி நாளை படம்பிடிக்கும் நிர்ப்பந்தம் இருக்கிறது. அவசரத்தில் எழுதுகிறவர் தாம் பிறந்து வளர்ந்த வீட்டையே எழுதுவார். எழுதுமிடத்தில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பது ஆகவே முக்கியமாகிறது. 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டிரியும் சேர்ந்து செய்தி ஸ்தாபனங்களை ஆராய்ந்தபோது, கணக்கெடுத்த 121 தலைமைப் பதவிகளில் 106 உயர் சாதியினர் வசம் இருந்ததும், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லாததும் தெரியவந்தன. அது செய்தித் துறையின் கணக்கேயானாலும், கதைத் துறையில் நிலைமை வேறாக இருக்குமென்று நம்ப எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

மற்றொரு காரணம் மறு ஆக்கம். ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தமிழில் வெற்றிபெற்றதும் தெலுங்கில் ‘வதினம்மா’, மலையாளத்தில் ‘சாந்த்வனம்’, ஹிந்தியில் ‘பாண்டியா ஸ்டோர்’ என்று பல மொழிகளில் பிரயாணம் செய்தது. கூட்டுக் குடும்பத்து அண்ணன் தம்பிகளின் பாசம் எந்த மாகாணத்துக்கும் பொருந்தும். முல்லா வீதிக் குடும்பத்தின் பேச்சுவழக்கும் சொல்தா வீட்டின் ஓய்வூதிய நாளும் அவ்வாறு எளிதிற் பெயர்த்துச் செல்லத்தக்கவை அல்ல. ஒரே கதையை எங்கும் விற்கலாம் என்ற வியாபார நியாயம், ஓர் ஊருக்கே உரியவற்றை முதலில் கழித்துவிடுகிறது.

பிற நாட்டு ஆராய்ச்சியாளர் இவ்விஷயத்தை அரை நூற்றாண்டுக்கு முன்பே எண்ணிப் பார்க்கத் தொடங்கிவிட்டனர். 1969இல் செட்ரிக் கிளார்க் என்ற அமெரிக்கர், சிறுபான்மையோர் தொலைக்காட்சியில் நான்கு படிகளைக் கடக்கிறார்கள் என்று எழுதினார்: முதலில் அவர்கள் இல்லவே இல்லை, பிறகு நகைப்புக்குரியவராக வருகிறார்கள், பிறகு காவலராகவும் சட்டத்தைக் காப்பவராகவும் வருகிறார்கள், இறுதியில்தான் எல்லாரையும் போன்ற மனிதர்களாக மரியாதை பெறுகிறார்கள். நம் தொடர்களின் கிறிஸ்தவ மருத்துவரும் கன்னிகாஸ்திரீயும் மூன்றாம் படியைச் சார்ந்தவர்களென்று கொள்ளலாம். 1976இல் ஜார்ஜ் கெர்ப்னரும் லாரி கிராஸும், கற்பனை உலகில் ஒரு வகுப்பார் காணப்படாமையே ஒருவிதமான சங்காரம் என்று கூறினர். கடுமையான சொல்லாயினும் பிழையான சொல் அன்று.

கிளார்க் சொன்ன படிகளை நம்மவரே அயல்நாட்டில் கடந்திருக்கிறார்கள். ‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற சித்திரத் தொடரில் 1990 முதல் வந்த அப்பு என்ற இந்தியக் கடைக்காரருக்கு வெள்ளையர் ஒருவரே கேலியான உச்சரிப்போடு குரல் கொடுத்தார். ஹரி கொண்டபோலு 2017இல் எடுத்த ஆவணப்படம் எழுப்பிய விவாதத்தின் பின், 2020இல் அக்குரல் நடிகர் அப்பணியிலிருந்து விலகினார். அதே ஆண்டில் ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரின் நாயகியாக, தேவி விஸ்வகுமார் என்ற அமெரிக்கத் தமிழ்ப் பெண் வந்தாள். அவ்வேடத்தை ஏற்றவர் இலங்கையிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் மகளான மைத்ரேயி ராமகிருஷ்ணன். அந்தத் தேவி பொய் சொல்கிறாள், கோபத்தில் நாக்கைக் கட்டுப்படுத்தாமற் பேசுகிறாள், தாயோடு சண்டையிடுகிறாள், இறந்த தந்தையை நினைத்து ஏங்குகிறாள். அவள் உத்தமியாக இல்லாததனாலேயே பதின்ம வயதுப் பெண்ணாக இருக்கிறாள். அவளைக் கண்டு டொரோண்டோவிலும் லண்டனிலும் தமிழ்ப் பெண்கள் அடைந்த ஆனந்தத்தை நாம் பெருமிதத்தோடு பேசினோம். அதே ஆனந்தத்துக்கு முல்லா வீதியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கும் பாத்தியதை உண்டல்லவா?

பிரான்சு தேசத்தின் அனுபவம் எங்கள் ஊருக்குத் தனிப்பட்ட முறையில் நெருக்கமானது. பிரஜைகளை இனத்தால் பிரித்தெண்ணுவதே குடியரசுத் தத்துவத்துக்கு விரோதம் என்று கருதும் அந்நாட்டில், குடிமதிப்பில்கூட இனம் கேட்கப்படுவதில்லை. ஆயினும் 2005இல் புறநகர்களில் மூண்ட கலவரங்களுக்குப் பின், தொலைக்காட்சியை மேற்பார்வையிடும் ஆணையம் 2009 முதல் திரையில் தோன்றுவோரைக் கணக்கெடுத்து, வெள்ளையரல்லாதவராகப் பார்வைக்குத் தோன்றுவோர் எத்தனை, பெண்கள் எத்தனை, உடற்குறை உடையோர் எத்தனை, எந்தத் தொழிலினர் எத்தனை என்று வெளியிட்டுவருகிறது. அவர்கள் ஏற்பது நல்ல வேடமா தீய வேடமா என்பதும் அக்கணக்கில் அடங்கும். தத்துவத்தில் பிடிவாதமுள்ள ஒரு தேசம் திரையை மட்டும் எண்ணத் துணிந்தது என்பது, திரையின் முக்கியத்துவத்துக்கு நான் காட்டக்கூடிய மிகச் சிறந்த பிரமாணம்.

நம் நாட்டுத் தூர்தர்ஷனும் ஒரு காலத்தில் இப்பொறுப்பை உணர்ந்திருந்தது. 1986இல் வந்த ‘நுக்கட்’ தொடரில் தெருமுனையில் கூடும் ஏழைகளுள் காதர் பாய் ஒரு தேநீர்க் கடை முதலாளி. அவர் மதத்துக்காக வந்தவர் அல்லர், தெருவுக்காக வந்தவர். ‘மகாபாரதம்’ தொடருக்கு வசனம் எழுதியவர் ராஹி மாசூம் ரஸா என்ற முஸ்லிம் எழுத்தாளர். பிரிவினையின் கொடுமையைச் சொன்ன ‘தமஸ்’ 1988இல் வந்தபோது அதைத் தடுக்க வழக்குத் தொடரப்பட்டது. சுப்ரீம் கோர்ட் ஒளிபரப்பை அனுமதித்ததுடன், எதிலும் ஆபத்தையே காணும் பலவீனரைக் கொண்டல்லாமல் நிதானமும் திடசித்தமும் உள்ள மனிதரைக் கொண்டே ஒரு படைப்பின் விளைவை அளக்க வேண்டுமென்று கூறியது. முஸ்லிம் மாமியாரைக் கொடியவளாகக் காட்டினால் வழக்கு வரும், கிறிஸ்தவ மருமகளைப் பேராசைக்காரியாகக் காட்டினால் போராட்டம் வரும் என்று அஞ்சி அவர்களை முற்றிலும் தவிர்த்துவிடும் தயாரிப்பாளர்களுக்கு இந்தத் தீர்ப்பு நல்ல துணை. ஒரே ஒரு முஸ்லிம் பாத்திரம் இருந்து அதுவும் தீயதாக இருந்தால்தான் சமூகம் புண்படும். போபால் குடும்பமொன்றை மையமாக வைத்து 2012 முதல் 2016 வரை ஓடிய ‘குபூல் ஹை’ என்ற ஹிந்தித் தொடரில் நல்லவரும் தீயவரும் அநேகமாக அனைவருமே முஸ்லிம்களாக இருந்ததால், எவரும் தம் மதம் முழுவதற்கும் பிரதிநிதியாக நிற்க நேரவில்லை.

அண்மைக் காலத்து இணையவழித் தொடர்கள் இவ்வகையில் சற்று தைரியம் காட்டுகின்றன. 2022இல் வந்த ‘வதந்தி’யில் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்ணின் வாழ்வே பொருளாயிற்று. ஆனால் அவள் நமக்கு அறிமுகமாவது பிணமாக, போலீஸ் விசாரணையின் வழியாக. ஊர் வாய்க்குப் பலியான அவளிடம் அத்தொடர் காட்டும் பரிவு உண்மையானதே. எனினும், சிறுபான்மைப் பெண் கதைக்குள் வர ஒரு கொலை வேண்டியிருக்கிறது என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை.

புதுச்சேரியில் கொலையின்றியே கதைகள் நிறைந்திருக்கின்றன. 1873இல் காலணியணிந்து நீதிமன்றத்தில் வாதாடச் சென்று தடுக்கப்பட்டு, அவ்வுரிமைக்காகப் பாரீஸ் வரை வழக்கைக் கொண்டுசென்று வென்ற பொன்னுத்தம்பிப் பிள்ளையின் தலைமையில், 1881ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பல குடும்பங்கள் தம் சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டன. தாழ்த்தப்பட்டோரும் கிறிஸ்தவர்களும் அவர்களுள் பலர். அந்தச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபாகம். பிள்ளைகளை முற்றிலும் விலக்கிச் சொத்தைப் பிறருக்கு எழுதிவைக்கத் தந்தைக்குச் சுதந்திரம் கிடையாது. ‘உனக்குச் சொத்தில் சல்லிக்காசு தரமாட்டேன்’ என்று தந்தை கர்ஜிப்பதில் ஆரம்பிக்கும் தமிழ்த் தொடர்கள் எத்தனை! அவ்வாறு கர்ஜிக்கச் சட்டம் இடங்கொடாத ஒரு வீட்டில், மகள் தன் பங்கைக் கேட்கும்போது, பக்கத்து வீட்டுச் சிறிய தகப்பனார் வேறொரு சட்டத்தின் கீழ் வாழ்கிறபோது, எவ்வளவு நுட்பமான குடும்ப நாடகம் பிறக்கும் என்பதை எந்தக் கதாசிரியரும் உடனே உணர்வார். 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் பிரெஞ்சிந்தியப் பகுதிகள் சட்டபூர்வமாக இந்தியாவோடு இணைந்தபோது, இங்கே பிறந்தவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அளிக்கப்பட்டது. ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்யுங்கள்: அண்ணன் கையெழுத்திட்டார், தம்பி இடவில்லை, அண்ணன் பேரனுக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் பையனின் குணத்துக்கு முன்னால் ‘நேஷனாலிட்டி’யை விசாரிக்கிறார்கள், தம்பி பேத்தி அரசாங்கப் பள்ளியில் ஆசிரியை. பிரபஞ்சன் தம் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்களில் ஆனந்தரங்கப் பிள்ளையின் காலத்தைத் தமிழருக்கு மீட்டுத் தந்தார். பின்னது 1995இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது. அவ்வழியில் இந்த நூற்றாண்டின் புதுச்சேரியையும் திரைக்குக் கொண்டுவர விஷயத்துக்குக் குறைவில்லை.

அரசாங்கம் கதை எழுத வேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் காலமானது இவ்வூரில். அவர் பெயரால் புதுச்சேரி அரசு சிறந்த தமிழ்த் திரைப்படத்துக்கு விருது வழங்கிவருகிறது. அதனைத் தொலைக்காட்சித் தொடருக்கும் விரிவாக்குவது ஒரு வழி. அதற்கு முன் செய்யத்தக்க காரியம், எண்ணிப் பார்ப்பது. 1985இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகத்தில் வெகுஜனத் தொடர்பியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதன் மாணவர்கள் மாலைத் தொடர்களை ஓராண்டு எடுத்துக்கொண்டு, எந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதோடு நிறுத்தாமல், யாருடைய வீட்டுக்குள் காமிரா செல்கிறது, யாருடைய கல்யாணம் காட்டப்படுகிறது, யாருக்குத் தவறு செய்து திருந்த அவகாசம் தரப்படுகிறது, யாருடைய ஒரு சொல்லால் கதை திசை மாறுகிறது என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் குறித்து அட்டவணையாக வெளியிடுவார்களானால், டி.ஆர்.பி. எண்களை வாரந்தோறும் ஆவலோடு நோக்கும் தயாரிப்பாளர் மேஜையில் அந்த அட்டவணையையும் வைக்கலாம்.